மருந்து முடிஞ்ச பிறகும் பொசிட்டிவ்: ஒரு கிளமீடியா கேஸ்

கிளமீடியா எண்டது உடலுறவால தொத்துற ஒரு கிருமி வருத்தம். இந்தக் கேஸில ஆள் ஆரெண்டு பிடிபடாத மாதிரி ஊர், தொழில், வயசு எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கு. வருத்தத்திலயும் மருந்திலயும் நாள் இடைவெளியிலயும் கை வைக்கேல்ல, ஏனெண்டால் இந்தக் கேஸின்ர முழு விசயமும் அந்த இடைவெளிக்குள்ள தான் கிடக்கு.

ஆள் முப்பதுக்குக் கொஞ்சம் கீழ, வடமராட்சிப் பக்கம், ஹாட்வெயார் கடையில வேலை. கிளினிக்குக்கு வரேக்க கையில ஒரு பிளாஸ்ரிக் பைல், அதுக்குள்ள லாப் ரிப்போட்டுகள், பார்மசித் துண்டுகள், இணையத்தில இருந்து பிறின்ட் எடுத்த தாள்கள், அதில மஞ்சள் பேனையால கோடு வேற. இருந்த உடனயே சொன்னது: "டொக்டர், இது எனக்கு இனிப் போகாது போல கிடக்கு. மூண்டு வகை அன்ரிபயோட்டிக் எடுத்தாச்சு, இன்னும் ரிப்போட்டில பொசிட்டிவ் தான். ஆவணியில கலியாணம்."

இப்பிடி வாற ஆக்களிட்ட முதல் கேக்கிற கேள்வி என்ன வருத்தம் எண்டது இல்லை, எப்ப என்ன நடந்தது எண்டது தான். ஒரு வெள்ளைத் தாளில கோடு ஒண்டு கீறி, அவரை வைச்சே திகதியளைப் போட வைச்சது. கோட்டைப் போட்டு முடிய பாதிக் குழப்பம் அதிலயே தெரிஞ்சிட்டுது.

கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன இடத்தில லொட்ஜில ஒரு தொடர்பு, கொண்டம் இல்லை. பத்து நாள் கழிச்சு சலம் போகேக்க எரிவு, காலமை எழும்பினால் நுனியில தண்ணி மாதிரிக் கொஞ்சம் கசிவு. இந்தப் பத்து நாளே ஒரு துப்புத் தான். உடலுறவால தொத்துற இன்னொரு வருத்தமான கொனோறியா எண்டால் வழமையா ரெண்டு நாளில இருந்து ஒரு கிழமைக்குள்ள காட்டிப்போடும், மஞ்சளாத் தடிப்பாச் சீழ் வரும், ஊரில பழைய ஆக்கள் வெட்டை எண்டு சொல்லுறது அதைத்தான். கிளமீடியா ஆறுதலா வாற சாமான், ஒண்டில இருந்து மூண்டு கிழமை எடுக்கும், கசிவும் மெல்லிசு, கன ஆம்பிளையளுக்கு ஒரு குறியும் இல்லாமலே கிடக்கும்.

கூட்டாளி ஒருத்தர் சொல்லி பார்மசியில கேட்டு சிப்ரோபுளொக்சசின் மூண்டு நாள் போட்டிருக்கிறார். அது ஒரு காலத்தில கொனோறியாவை ஒரே குளிசையில முடிச்ச மருந்து, இப்ப அந்தக் கிருமி உலகம் முழுக்க அதுக்குப் பழகிப்போச்சு, கிளமீடியாவுக்கு அது எப்பவுமே நம்பக்கூடிய மருந்து இல்லை. ஆக மூண்டு நாளும் வயித்தெரிச்சல் தான் மிச்சம். பிறகு பிரைவேட்டில சலம் குடுத்து பிசிஆர் எண்ட மரபணு ரெஸ்ட், அதில கொனோறியா நெகட்டிவ், கிளமீடியா பொசிட்டிவ். அதைப் பார்த்த டொக்டர் டொக்சிசைக்கிளின் 100 மி.கி. காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு, 7 நாளைக்கு எழுதிக் குடுத்திருக்கிறார். சரியான மருந்து, சரியான அளவு, சரியான நாள். இண்டைக்கும் கிளமீடியாவுக்கு முதல் தெரிவு அதுதான்.

நாலாம் அஞ்சாம் நாளே எரிவு குறைஞ்சிட்டுது, ஏழு நாளும் முடிய கசிவும் இல்லை. மிஞ்சினது நுனியில ஒரு கூச்சம், எறும்பு ஊருற மாதிரி, எப்பவும் இல்லை, ராத்திரி போனோட படுக்கையில கிடக்கேக்க தான் கூட. அந்தக் கூச்சத்தில தான் எல்லாம் துவங்கினது. கடைசிக் குளிசை போட்டு பன்ரெண்டாம் நாள் தானாப் போய் திரும்பவும் பிசிஆர் குடுத்திருக்கிறார், அது திரும்பவும் பொசிட்டிவ். லாப்பில ரிப்போட்டைக் கவரில போட்டுக் குடுத்தவைக்கு இவர் எப்ப மருந்து முடிச்சவர் எண்டு தெரியாது, ஒருத்தரும் கேக்கவும் இல்லை, இவருக்கும் அது சொல்ல வேண்டிய விசயம் எண்டு தெரியாது. அண்டிரவே இணையத்தில தேடினதில கண்ணில பட்டது மருந்துக்கு மசியாத சூப்பர் கொனோறியா. 2009ல ஜப்பானின்ர கியோட்டோவில ஒரு பெண்ணின்ர தொண்டையில இருந்து எடுத்த கொனோறியாக் கிருமி, கொனோறியாவுக்குக் குடுக்கிற செப்ரியாக்சோன் ஊசிக்கே கட்டுப்படேல்ல எண்டது உண்மையான கதை தான், ஆனா அது வேற கிருமி, இவருக்கு அந்தக் கிருமி இருந்ததே இல்லை. பயந்த ஆளுக்கு கொனோறியாவும் கிளமீடியாவும் ஒண்டாத் தான் தெரியும், அதில அவரைக் குறை சொல்லேலாது.

அடுத்தது லெவோபுளொக்சசின், தானா வாங்கி ஒரு கிழமை. பிறகு குதிக்கால் நோ. திரும்பவும் தேடல், இந்தமுறை கிடைச்சது கிளமீடியாவுக்குப் பிறகு வாற மூட்டு வாதம். அது உடம்பு முழுக்கப் பரவீட்டுதோ எண்டு பார்க்க ரத்தத்தில கிளமீடியா ஐஜிஜி எண்ட எதிர்ப்புப்பொருள் ரெஸ்ட், அதுவும் பொசிட்டிவ். அந்த ரிப்போட்டோட தான் எங்களிட்ட வந்தவர்.

பார்த்தது

முதல் நாள் வடிவாச் சோதிச்சுப் பார்த்ததில கசிவு இல்லை, விதை வீங்கேல்ல, நோ இல்லை, கவட்டில நெறி கட்டேல்ல. சலம் போற வாசல் மட்டும் நல்லாச் சிவந்து, கொஞ்சம் உரஞ்சின மாதிரி இருந்தது. முன்தோலுக்குக் கீழ வெள்ளைப் படிவு, கடி, அது பங்கசு, அன்ரிபயோட்டிக் மேல அன்ரிபயோட்டிக் போட்டால் வரக்கூடியது தான், பூசுற கிறீம் காணும். குதிக்காலில மூட்டு வீக்கம் இல்லை, பின்பக்கத் தடிச்ச தசைநாரைத் தொட்டால் தான் நோ, கண் சிவப்பும் இல்லை. கிளமீடியாவுக்குப் பிறகு மூட்டு வாதம் வாறது உண்மை, அதால அதைச் சிரிச்சுத் தள்ளாமப் பார்க்கத் தான் வேணும், ஆனா இது லெவோபுளொக்சசின் குடுத்த நோ. அந்த மருந்துக் குடும்பம் தசைநாரைப் பாதிக்கும் எண்டு அமெரிக்க மருந்து அதிகாரசபை 2008லயே பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டது, பார்மசியில சும்மா நீட்டுற குளிசை இல்லை அது.

வாசல் ஏன் சிவந்தது எண்டதுக்குப் பதில் அவற்ற போனில இருந்தது. எடுத்துக் காட்டினார். ரிசூ, ரிசூ, ரிசூ. ஒவ்வொரு காலமையும் படுக்கையை விட்டு எழும்ப முன்னம் அடியில இருந்து நுனி வரைக்கும் அமத்தி இழுத்து, வாறதை வெள்ளை ரிசூவில தொட்டு, போன் லைட்டைப் பிடிச்சு ஒரு போட்டோ, திகதியோட, நூறுக்கு மேல. சில நாள் பின்னேரமும். கழுவுறது டெற்றோல் கலந்த தண்ணியால. எந்தச் சுகமான ஆம்பிளையையும் ஒரு கிழமைக்கு இப்பிடிச் செய்யச் சொன்னால் அவருக்கும் சிவக்கும், கூசும், தெளிவா ஒட்டுற மாதிரி ஒரு துளியும் வரும்.

ரெண்டு மணித்தியாலம் சலம் போகாம இருக்கச் சொல்லி, பிறகு சலக்குழாய் வாசலில சின்னக் குச்சியால தொட்டு கண்ணாடியில தடவி (ஸ்மியர்), கிராம் சாயம் போட்டு எண்ணெய் விட்டு மைக்கிறஸ்கோப்பில ஆயிரம் மடங்கில பார்த்தது. அந்த ரிசூத் துளியையும் வேற கண்ணாடியில தடவிப் பார்த்தது, அது வருத்தம் கண்டுபிடிக்க இல்லை, அவருக்குக் காட்ட. சலக்குழாய் அழற்சி எண்டு சொல்ல ஒரு பார்வைக்கு அஞ்சு சீழ்க்கலம் வேணும் எண்டது பழைய கணக்கு, அமெரிக்காக்காரர் அதை ரெண்டாக் குறைச்சிட்டினம். இவற்றதில எந்தக் கணக்குக்கும் வராது, தோல் கலங்கள் தட்டையாக் கிடக்கு, சீழ்க்கலம் அங்கொண்டு இங்கொண்டு.

படிப்பிக்க வைச்சிருக்கிற பழைய கொனோறியா சிலைட் ஒண்டு இருந்தது, அதை முதல் வைச்சு அவரைப் பார்க்க விட்டது. உள்ளுக்க இளஞ்சிவப்பா சீழ்க்கலங்கள் நெருங்கி நிக்கும், அதுகளுக்குள்ள சோடி சோடியாக் கிருமி. நல்லா நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு அவற்ற துளியை வைச்சது.

"இதில ஒண்டும் காணேல்லையே டொக்டர்."

"இதைத்தான் தம்பி நீங்கள் இவ்வளவு நாளும் போட்டோ எடுத்தனீங்கள்."

சிரிச்சவர், ஆனா முழுக்க நம்பேல்ல. அப்பிடியெண்டால் அந்தப் பொசிட்டிவ் என்ன எண்டு கேட்டார், நியாயமான கேள்வி.

அந்த ரெண்டாவது பொசிட்டிவ்

பிசிஆர் தேடுறது கிருமியின்ர மரபணுத் துண்டை. அது உயிரோட இருக்கிற கிருமியின்ரயோ செத்த கிருமியின்ரயோ எண்டு அதுக்குத் தெரியாது. கிளமீடியா எங்கட கலத்துக்கு உள்ள புகுந்து பெருகிற கிருமி, ஒரு சுத்து முடிய ரெண்டு மூண்டு நாள் எடுக்கும், அதால தான் மருந்தும் ஏழு நாள் போகுது, செத்த பிறகும் அந்தக் கலங்கள் உதிர்ந்து வெளியேறக் காலம் வேணும். நல்லூர்த் திருவிழா முடிஞ்சு நாள் போனாலும் வீதி மணலில கச்சான் கோது கிடக்கும், அதைக் கண்டிட்டு தேர் இன்னும் ஓடுது எண்டு சொல்லேலாது. மருந்து முடிஞ்சு 4 கிழமைக்குள்ள செய்யிற பிசிஆர் பொசிட்டிவை வைச்சு மருந்து கேக்கேல்ல எண்டு முடிவெடுக்கக் கூடாது எண்டு வழிகாட்டியள் சொல்லுறது இதுக்காகத் தான். பன்ரெண்டாம் நாள் ரிப்போட் அவருக்குச் சொன்னது ஒண்டுமே இல்லை, ஆனா அவர் காசு குடுத்து நித்திரையையும் குடுத்திட்டார்.

ஐஜிஜி அதிலும் மோசம். அது கிருமி இல்லை, உடம்பு கிருமியைக் கண்டதுக்கு வைச்சிருக்கிற நினைவு, வருசக்கணக்கா இருக்கும், சலக்குழாயில கிளமீடியா இருக்கோ போட்டுதோ எண்டு அறிய அந்த ரெஸ்டால ஒரு பிரயோசனமும் இல்லை. அப்ப ஏன் லாப்பில செய்யினம் எண்டால், கேட்டால் செய்வினம், அவ்வளவு தான்.

சிபிலிஸ் எண்ட இன்னொரு பாலியல் வருத்தத்திலயும் இதே கதை இன்னும் கூர்மையா வரும், ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போறன், ஏனெண்டால் இதால வெளிநாட்டுப் பயணமே நிண்ட பெடியங்கள் இருக்கினம். பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் அலகு ஊசி போட்டு, ஆரம்பக் கட்டச் சிபிலிஸ் சுகமாகியிருக்கும், ஆனா டிபிபிஏ, டிபிஎச்ஏ மாதிரி எதிர்ப்புப்பொருள் பார்க்கிற ரத்த ரெஸ்டுகள் பெரும்பாலான ஆக்களுக்குச் சாகும்வரை பொசிட்டிவ் தான். சுகத்தைக் காட்டுறது விடிஆர்எல் எண்ட இன்னொரு ரத்த ரெஸ்டின்ர அளவு (ரத்தத்தை எத்தினை மடங்கு ஐதாக்கியும் பொசிட்டிவ் எண்டது), 1:32 இருந்தது 1:8க்கு வந்தால் நாலு மடங்கு இறங்கியிருக்கு, அது நல்ல செய்தி, சில ஆக்களுக்கு அது முழுக்கப் பூச்சியத்துக்குப் போகாம 1:2, 1:4ல நிண்டிடும், அதுக்காகத் திரும்பத் திரும்ப ஊசி குத்தத் தேவையில்லை. மருந்து எடுத்த அட்டையைப் பத்திரமா வைச்சிருக்க வேணும், மெடிக்கலுக்குப் போகேக்க கையில இருக்க வேணும். அட்டையைக் கிழிச்சு எறியிற ஆக்கள் தான் கூட, வீட்டில ஆரும் கண்டிடுவினம் எண்டு.

சரி, இவற்ற கதைக்கு வருவம். செத்த கிருமியின்ர மிச்சம் எண்டு சொல்லி அனுப்பியிருந்தால் எல்லாருக்கும் லேசு. ஆனா ரெண்டாவது பொசிட்டிவுக்கு வேற காரணங்களும் இருக்கலாம், அதுகளையும் கேக்காம விடேலாது.

மருந்து எப்பிடிப் போட்டனீங்கள் எண்டு கேட்டால் எல்லாரும் ஒழுங்காப் போட்டனான் எண்டு தான் சொல்லுவினம், அதால குளிசையை என்னத்தோட விழுங்கினனீங்கள், விழுங்கினாப் பிறகு என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கிறது. ராத்திரிக் குளிசையை ஒரு மிடறு தண்ணியோட விழுங்கிப்போட்டு உடனயே படுத்திருக்கிறார். டொக்சிசைக்கிளின் களத்தில, அதாவது சாப்பாடு இறங்கிற குழாயில, ஒட்டினால் புண்ணாக்கும், நெஞ்சுக்குள்ள கத்தி மாதிரிக் குத்தும், அவருக்கும் குத்தியிருக்கு, அவர் நினைச்சது கிருமி நெஞ்சுக்கு ஏறிட்டுது எண்டு. அதுக்கு வயித்தெரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி மருந்தைக் குளிசையோட ஒண்டாக் குடிச்சிருக்கிறார். அதில இருக்கிற அலுமினியமும் மக்னீசியமும் டொக்சிசைக்கிளினைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு ரத்தத்துக்குப் போக விடாது, இரும்புச்சத்துக் குளிசையும் அப்பிடித்தான். ஒரு தம்ளர் தண்ணி நிறைய, நிமிந்து இருந்து, படுக்கைக்கு முதல் அரை மணித்தியாலமாவது இடைவெளி, வயித்து மருந்து எண்டால் ரெண்டு மூண்டு மணித்தியாலம் தள்ளி, இதைச் சொல்ல ஒரு நிமிசம் காணும், துண்டு எழுதுற இடத்திலயும் குடுக்கிற இடத்திலயும் ஒருத்தரும் சொல்லேல்ல. வெய்யிலுக்குத் தோல் எரியும் எண்டதையும் தான், சித்திரை வெய்யிலில மோட்டச்சைக்கிள் ஓடுற ஆளுக்கு.

ஆக மருந்து முழுசா ஏறாம விட்டிருக்கலாம். கிருமி மருந்துக்கு மசியேல்ல எண்டது தான் கடைசிச் சந்தேகம், ஏனெண்டால் மனிசருக்கு வாற கிளமீடியாவில டொக்சிசைக்கிளினுக்கு நிரந்தரமா எதிர்ப்பு வந்து பரவினதா இதுவரைக்கும் இல்லை. அவர் ராத்திரி ராத்திரியாப் பயந்தது, பட்டியலில ஆகக் கடைசியா இருந்ததுக்கு.

முதலாவதா இருந்ததை அவர் நினைச்சே பார்க்கேல்ல.

கோட்டில போடாத திகதியள்

கலியாணம் பேசியிருக்கிற பிள்ளையோட ரெண்டு வருசமாப் பழக்கம், பிறகு தான் வீட்டுக்காரர் சம்மதிச்சு நாள் குறிச்சவை. கொழும்பால வந்து எரிவு துவங்க முன்னம் ஒருக்கா, டொக்சிசைக்கிளின் முடிச்சு நாலஞ்சு நாளில ஒருக்கா, எங்களிட்ட வாறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் ஒருக்கா அந்தப் பிள்ளையோட இருந்திருக்கிறார். இதை அவர் கோட்டில போடேல்ல. கேட்டதுக்கு, "அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை டொக்டர், அவள் நல்ல பிள்ளை" எண்டார்.

நல்ல பிள்ளைக்குத் தான் இவர் குடுத்தது. பொம்பிளையளில கிளமீடியா பெரும்பாலும் ஒரு குறியும் காட்டாது, கருப்பை வாசலில இருந்து மெல்ல மேல ஏறும், ஏறினால் கருக்குழாயில அழற்சி, தழும்பு, பிள்ளை தங்குறதில சிக்கல், கரு குழாயில தங்கிற ஆபத்து. தன்ர நுனிக் கூச்சத்துக்கு இவ்வளவு செலவழிச்ச ஆள் அந்தப் பிள்ளைக்கு ஒரு ரெஸ்ட் செய்யோணும் எண்டு யோசிக்கேல்ல எண்டதில எனக்குக் கொஞ்சம் கோவம் வந்தது தான், ஆனா பயம் ஆளைத் தனக்குள்ளயே சுருட்டி வைச்சிடும், இது கன கேஸில பார்க்கிறது. மருந்து எடுத்த பிறகு திரும்பப் பொசிட்டிவ் வாறதுக்கு முதல் காரணம் மருந்தெடுக்காத துணையிட்ட இருந்து திரும்பத் தொத்துறது. ரெண்டு பேரும் ஏழு நாள் மருந்தையும் முழுசா முடிக்கும் வரைக்கும் உடலுறவு கூடாது எண்டு சொல்லுறது இதுக்குத் தான்.

பன்ரெண்டாம் நாள் பொசிட்டிவ் செத்த கிருமியோ, அரைகுறையா ஏறின மருந்தோ, அந்தப் பிள்ளையிட்ட இருந்து திரும்பி வந்ததோ, இப்ப ஒருத்தராலயும் சொல்லேலாது, சொல்லத் தேவையும் இல்லை. செய்ய வேண்டியது மூண்டுக்கும் ஒண்டு தான், ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில மருந்து.

அவவைக் கூட்டிவாறது லேசான அலுவல் இல்லை. யாழ்ப்பாணத்தில ஆரையும் ஆருக்கும் தெரியும், கிளினிக் வாசலில நிண்டதை ஒரு மாமி கண்டால் பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். அதால சில விசயங்களைச் சொல்லி அனுப்பினது: அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்குக்கு, யாழ் போதனா வைத்தியசாலையில இருக்கிறது உட்பட, ஆற்ற துண்டும் தேவையில்லை, காசில்லை, பைலை வெளியில ஆருக்கும் காட்டுறேல்ல. ஆர் மூலமா வந்தது எண்டு நாங்கள் அவவுக்குச் சொல்ல மாட்டம், அவவின்ர ரிப்போட்டை இவருக்கும் சொல்ல மாட்டம், சொல்லுறது அவை ரெண்டு பேற்ற பாடு. துணையைக் கிளினிக்குக்கு வரச் சொல்லுற தொடர்புத் துண்டைக் குடுத்தது. ஒரு கிழமை ஒரு சத்தமும் இல்லை, பிறகு அவ கூடப் படிச்ச ஒரு பிள்ளையோட வந்தவ. அவர் சொல்லிப்போட்டார், எல்லாத்தையும். அழுது முடிச்சுத் தான் வந்திருக்கிறா, எங்களிட்ட அழேல்ல, நேரா விசயத்துக்கு வந்தவ.

யோனியில இருந்து சுவாப் தானே எடுக்கலாம், டொக்டர் எடுக்கிறதுக்குச் சமனா வேலை செய்யும் எண்டு சொல்ல அவவுக்குப் பெரிய ஆறுதல். ரெஸ்ட் கிளமீடியா பொசிட்டிவ். வயித்தில நோ இல்லை, சோதிக்கேக்கயும் இல்லை, கர்ப்பம் இல்லை எண்டு பார்த்துத் தான் டொக்சிசைக்கிளின் குடுத்தது, கர்ப்பம் எண்டால் அசித்ரோமைசினுக்கு மாறவேணும். "எனக்குப் பிள்ளை தங்காதோ டொக்டர்?" எண்டு கேட்டவ. கனகாலம் மருந்தில்லாமக் கிடந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ தான் ஆபத்துக் கூடும், குறியில்லாம இருக்கேக்கயே பிடிச்சு மருந்து எடுத்த பெரும்பாலான பொம்பிளையளுக்கு ஒண்டும் வராது, இப்ப ஸ்கான் ஒண்டும் வேண்டாம் எண்டு சொன்னது. இன்னும் ஒண்டு கேட்டவ, இவர் திரும்பப் போனால் எனக்குத் திரும்ப வருமோ எண்டு. வரும், ஒருக்கா வந்தது எண்டு உடம்பு அதைத் தடுக்காது.

இவருக்கும் திரும்ப ஏழு நாள், ஆனா இந்தமுறை காரணத்தோட, அவவோட சேர்ந்து, தண்ணியும் நிமிந்து இருக்கிறதும் வெள்ளைப் பாணி இல்லாததுமா. சாதாரணக் கேஸில டொக்சிசைக்கிளின் ஒழுங்கா எடுத்த ஆளுக்கு, கர்ப்பம் இல்லையெண்டால், சுகமாச்சோ எண்டு பார்க்கிற ரெஸ்ட் தேவையே இல்லை, மூண்டு மாசத்தில திரும்பத் தொத்தினதோ எண்டு பார்க்கிறது தான் முக்கியம். இவருக்கு இவ்வளவு குழப்பம் இருந்தபடியா ரெண்டையும் செய்யிறது எண்டு முடிவு.

காத்திருந்த காலம்

கிருமியை விடக் கஷ்டமான பகுதி இதுதான். 4 கிழமைக்கு முதல் ரெஸ்ட் இல்லை எண்டு திகதியை அட்டையில எழுதிக் குடுத்தது, வாயால சொன்னால் காணாது, அட்டையில இருந்தால் லாப் வாசலில நிக்கேக்கயாவது எடுத்துப் பார்ப்பார். அமத்திப் பார்க்கிறது நிப்பாட்டு, டெற்றோல் நிப்பாட்டு, வெறும் தண்ணி காணும், பழைய போட்டோக்களை அழிக்கச் சொன்னது, அதில மட்டும் இழுபட்டார், ஆதாரம் எல்லோ எண்டு.

ரெண்டாம் கிழமை வந்தவர், கூச்சம் இன்னும் இருக்காம், சலத்தோட விந்து போகுதாம், பஸ் ஸ்ராண்ட் சுவரில ஒட்டியிருந்த நரம்புத் தளர்ச்சி நோட்டீசில அதுதான் போட்டிருக்காம். இது எங்கட பக்கத்தில பழைய பயம், தாது போனால் உடம்பு போச்சு எண்டு சின்ன வயசிலயே காதில போடுறது, ஒரு பாலியல் வருத்தம் வந்த உடன அது எழும்பி நிக்கும், குற்ற உணர்ச்சியும் சேர்ந்தால் கேக்க வேண்டாம். ஸ்மியர் திரும்ப எடுத்தது, சுத்தம். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் எண்டு ஒரு கிருமி இருக்கு, டொக்சிசைக்கிளின் குடுத்தும் அழற்சி நிக்காத ஆக்களில அதையும் ட்ரைக்கொமோனாஸ் எண்ட ஒட்டுண்ணியையும் தேடுறது முறை, அவரும் அந்தப் பேரை இணையத்தில இருந்து பிடிச்சுக்கொண்டு வந்திட்டார். ஆனா அழற்சி எண்டதுக்கு ஆதாரம் இருந்தால் தான் தேடுறது. கூச்சம் மட்டும் இருக்கு, கசிவில்லை, சீழ்க்கலம் இல்லை எண்டால் இன்னொரு அன்ரிபயோட்டிக் குடுக்கிறதுக்கு அது காரணம் இல்லை, வழிகாட்டியளும் அப்பிடித்தான் சொல்லுது. அந்த நேரம் எழுதிக் குடுக்கிறது லேசு, ஆள் சந்தோசமாப் போவார், ரெண்டு கிழமையில வேற வயித்து நோவோட திரும்பி வருவார்.

அழற்சி ஆறினாப் பிறகும் கொஞ்ச நாள் கூச்சம் நிக்கலாம், பயத்தில அடிவயித்துக்குக் கீழ தசையளை இறுக்கி வைச்சிருக்கிற ஆக்களுக்கு அதே இடத்தில இழுவையும் கூச்சமும் வரும், கவனிக்கக் கவனிக்கக் கூடும். சுடுதண்ணியில இருக்கிறது, மூச்சை விட்டுத் தசையைத் தளர்த்துறது, பின்னேரம் பந்தடிக்கப் போறது, இதெல்லாம் சும்மா ஆறுதலுக்குச் சொல்லுறது இல்லை. இன்னும் நித்திரை வராட்டி, ஒரு நாளில பாதி நேரம் இதே யோசனை எண்டால், மனநல டொக்டரிட்ட அனுப்பத் தயங்கக் கூடாது. அவருக்கு அந்தப் பேச்சை எடுத்த உடன முகம் மாறீட்டுது, "எனக்கு விசரோ டொக்டர்?" இல்லைத் தம்பி, நித்திரை இல்லை, அதுக்கு மருந்து இருக்கு எண்டு சொல்லி விட்டது. கடைசியில போகத் தேவை வரேல்ல, அமத்துறதை நிப்பாட்டி மூண்டாம் கிழமையோட சிவப்பும் போட்டுது, கூச்சமும் பாதியாக் குறைஞ்சிட்டுது.

மருந்து முடிஞ்சு அஞ்சாம் கிழமை ரெண்டு பேரையும் திரும்பச் சோதிச்சது. முதல் சலம், கடைசியாப் போய் ஒரு மணித்தியாலமாவது கழிச்சு, கழுவாம, துவக்கத்தில வாற கொஞ்சத்தை மட்டும் போத்தலில பிடிக்கிறது, நடுவில வாறதைப் பிடிச்சால் கிருமி இருந்தாலும் தப்பிடும், இது சலத் தொற்றுக்கு எடுக்கிறதுக்கு நேர் எதிர். இவர் நெகட்டிவ், அவவும் நெகட்டிவ். முதல் நாள் எடுத்த விடிஆர்எல், எச்ஐவி ரெண்டு பேருக்கும் நெகட்டிவ் தான். நாலாம் தலைமுறை எச்ஐவி ரெஸ்டுக்கு 45 நாள் காணும், கொழும்புத் தொடர்பில இருந்து அந்த நாள் எப்பவோ கடந்திட்டுது, எண்டாலும் மூண்டு மாசத்து ரெஸ்டோட சேர்த்துத் திரும்ப ஒருக்கா எடுத்தது.

மூண்டு மாசத்துக்கு அவ தான் முதல் வந்தவ, அட்டையில இருந்த திகதிக்கே, நெகட்டிவ். அவர் கடையில வேலை எண்டு பத்து நாள் பிந்தி வந்தவர், அவரும் நெகட்டிவ், எச்ஐவியும் விடிஆர்எல்லும் திரும்ப நெகட்டிவ். கூச்சம் எப்பவாவது வருதாம், கூட யோசிச்சால் வருதாம், அதுக்கு ஒண்டும் எழுதிக் குடுக்கேல்ல. ரிப்போட்டைப் பார்த்திட்டு இன்னும் ஒருக்காப் பிசிஆர் செய்து பார்ப்பமோ எண்டு கேட்டார், வேண்டாம் எண்டது. கலியாணம் நடந்துதோ எண்டு கேப்பீங்கள், அதை நாங்கள் கேக்கிறேல்ல, அவையும் சொல்லேல்ல.

பைலில இன்னும் திறந்து கிடக்கிறது கொழும்புத் தொடர்பு மட்டும் தான். அந்தப் பெண்ணின்ர நம்பரை அவர் தந்தவர், கூப்பிட்டுப் பார்த்தது, அந்த நம்பர் பாவனையில இல்லை, லொட்ஜில விசாரிக்கிறது அந்தப் பெண்ணுக்கே ஆபத்தாப் போகலாம் எண்டு விட்டாச்சு. தொடர்பு கிடைக்கேல்ல எண்டு எழுதி வைச்சிருக்கு.